புத்தகத்தில் தசமி

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து இந்த மேசை உங்கள் இருவருடையது. கணினியில் எது எங்கே இருக்கிறது, எந்தத் தாள் எந்த இயந்திரத்தில் சிக்கும், எந்தக் கோயில் நிர்வாகம் கடைசி நேரத்தில் அழைப்பிதழை மாற்றும் என்பதெல்லாம் ஒரு கிழமையில் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதற்கு நான் தேவையில்லை. ஒன்பது வருடம் இந்த அச்சுக்கடையில் பக்கம் வடிவமைத்தேன். முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கடை முதலாளி அண்ணையும் சிரித்தார். ஆனாலும் அதுதான் சரியான சொல். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை கிடைத்திருக்கிறது. அந்த ஸ்டிக்கரிலும் எழுத்து இருக்கும்தான். ஆனால் அதை யாரும் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிழை அங்கேதான் தொடங்கியது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் நாங்கள் இருந்த காலத்தில், எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, அந்த மாடியில் பாதி வீடுகளுக்கு இமிகிரேசன் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வாசிக்கிறவன் வாயைத் திறக்கும்வரை பெரிய மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எழுத்துக்கு எவ்வளவு பலம் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஊரில் அப்பா கோயில் வெளிவீதியோடு நின்று கும்பிட்ட ஆள். உள்ளே ஐயர் என்ன சொல்கிறார் என்பது அங்கே நின்ற எங்கள் ஆட்களுக்குக் கேட்காது. இந்தக் கடைக்கு வந்து, பூசை முறையும் பதிகங்களும் அடங்கிய சிறு புத்தகம் ஒன்றை முதல் தடவையாகப் பக்கம் போட்டபோது நான் சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை. உள்ளே முணுமுணுத்தது முழுவதும் என் திரையில் கிடந்தது. இனி யாரும் வாங்கலாம், யாரும் வாசிக்கலாம், ஒருவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு வெளியில் நிற்கத் தேவையில்லை. ஒரு பெரிய கதவைத் திறந்துவிடுகிறேன் என்றே நினைத்தேன். இப்படி நினைக்கிறவன் தன் வேலையைத் திரும்பிப் பார்க்க மாட்டான். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாம் வருடம் நடந்தது இது. பின்தெருவில் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் இருக்கும் பிள்ளையார் கோயிலின் தேர்த்திருவிழா நோட்டிஸில், தேர் இழுக்கும் நேரம் காலை ஏழு ஐம்பது என்று வர வேண்டியதை ஒன்பது ஐம்பது என்று போட்டுவிட்டேன். அது தெரியவந்தபோது நோட்டிஸ் எல்லாக் கடைக் கண்ணாடியிலும் ஒட்டியாகிவிட்டது. அந்தக் கோயில் ஐயரை ஊரிலிருந்து எடுப்பித்தது நிர்வாகசபை. அவருடைய வேலை அனுமதியும் அவர்களின் கையில்தான். அவர் தலைவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

"நல்ல நேரம் எட்டரையோடை முடியுது. ஏழு ஐம்பதுக்கே இழுப்பம். வாற சனம் பேந்து வந்து கும்பிடட்டும்."

"நோட்டிஸ் போனால் போனதுதான் ஐயா. ஒன்பது ஐம்பதுக்கு வாற சனத்துக்கு என்னத்தைக் காட்டுறது? வெறும் பார்க்கிங் லொட்டையோ?"

தேர் ஒன்பது ஐம்பதுக்குத்தான் அசைந்தது. ஐயர் கார் நிறுத்துமிடத்தில் சாமியோடு இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றார். கடையில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணை என் முதுகில் தட்டி, "பாத்தியோ, பிள்ளையாரும் எங்கட டைமுக்குத்தான் வெளிக்கிடுறார்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம். அப்பாவை வெளியில் நிற்கவைத்தவர்களில் ஒருவரை நான் வெளியில் நிற்கவைத்துவிட்டேன். இந்த ஐயர் எங்கள் கிராமத்துக்காரர்கூட இல்லை. அவர் அப்பாவை எங்கும் நிற்கவைத்ததும் இல்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எனக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்தது என்பது தெரியாமல் மற்றது உங்களுக்கு விளங்காது.

ஐந்து வருடம் கழித்து ஓர் ஐப்பசி மாதம் இரண்டு கல்வெட்டுகள் ஒரே கிழமையில் வந்தன. கல்வெட்டு என்றால் என்னவென்று உங்களில் ஒருவர் நேர்முகத்தின்போது கேட்டீர்கள். செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். படம், வாழ்க்கை வரலாறு, பதிகங்கள், பேரப்பிள்ளைகளின் கவிதை. மூன்றாம் பக்கத்தில் திதி வெண்பா என்று நாலு வரி வரும். இறந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எத்தனையாம் திதி என்பதை அது சொல்லும். அடுத்த வருடத்திலிருந்து அந்தக் குடும்பம் திவசம் செய்வது அந்தத் திதியில்தான். இங்கிலீஸ் திகதியில் அல்ல. திதியைக் கணித்து ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பவர் ஐயர். வெண்பாக்களை ஒரு வாத்தியார் மாதத்துக்கு ஒன்றாக எழுதித் தந்துவிட்டார். நாங்கள் பெயரையும் திதியையும் மாற்றிப் போடுவோம்.

முதல் கல்வெட்டு பிறம்ரனில் ஒரு வீட்டுக்கு. தபால் அதிபராக இருந்து இளைப்பாறிய ஒருவர், தேய்பிறைத் தசமியில் காலமானவர். இரண்டாவது வோபர்னில் ஒரு வீட்டுக்கு. பேக்கரியில் வேலை செய்த ஒருவர், இரண்டு நாள் கழித்துத் துவாதசியில் காலமானவர். நான் முதல் புத்தகத்தின் கோப்பைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, மேலெழுதத் தொடங்கினேன். நீங்களும் அப்படித்தான் செய்யப்போகிறீர்கள். செய்ய வேண்டாம் என்று சொன்னாலும் செய்வீர்கள், ஏனென்றால் வேறு வழியில் முப்பது நாளைக்குள் புத்தகம் முடியாது.

வோபர்ன் வீட்டின் மூத்த மகன் மூன்று தரம் போன் எடுத்தார். மூன்று தரமும் மருமக்களின் பெயர் வரிசைக்காக. யார் முதல், யார் அடுத்தது, டொக்டர் என்பதைப் பெயருக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா. அந்த மூன்று அழைப்புகளுக்கு நடுவில் எங்கோ நான் வெண்பாவில் பெயரை மாற்றினேன், திதியை மாற்றவில்லை. மாதமும் தேய்பிறையும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்ததால் கண்ணில் குத்த ஒன்றும் இல்லை. மாதிரிப் பிரதியைப் பார்க்க மகன் வந்தார். "அப்பாவின்ர மூக்கு கொஞ்சம் கறுத்துக் கிடக்கு" என்றார். மூக்கை வெளுப்பித்தேன். கையெழுத்து வைத்தார். மூன்றாம் பக்கத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. நானும்தான். ஐந்நூறு பிரதி போயிற்று. லண்டனுக்கும் பாரிஸுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பார்சலில் போயிற்று. மாதாமாதம் செய்ய வேண்டிய கிரியைகளையும் முப்பத்தோராம் நாளிலேயே சேர்த்துச் செய்துவிட்டார்கள், இங்கே எல்லோரும் செய்வதுபோல. அதனால் ஒரு வருடத்துக்குப் பிழை தூங்கிக்கொண்டு கிடந்தது.

போன வருடம் கார்த்திகை தொடங்கிய கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதே பிள்ளையார் கோயில் ஐயர் கடைக்கு வந்தார். வேட்டிக்கு மேல் தடித்த ஜாக்கெட், சப்பாத்தில் சேறு. என் மேசைக்கு நேரே வந்தார்.

"தம்பி, வோபர்ன் வீட்டுக் கல்வெட்டு நீர்தானே அடிச்சது?"

"ஓம் ஐயா."

"அதிலை தசமி எண்டு கிடக்கு. நான் துவாதசி எண்டெல்லோ எழுதிக் குடுத்தனான்."

நடந்ததைச் சொன்னார். முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு அவரைக் கேட்டிருக்கிறார்கள், தசமி நாளுக்கு. அவர் தன் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, தசமி இல்லை, துவாதசி, இரண்டு நாள் பொறுங்கள் என்றிருக்கிறார். அந்தத் தசமியன்று அவர் வேறொரு புதுவீட்டில் குடிபூரல் பூசைக்கு ஒப்புக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியவந்துவிட்டது.

"மூத்தவர் கேக்கிறார், 'உங்களுக்கு அண்டைக்கு வேறை இடம் கிடைச்சிட்டுது, அதுக்காக எங்கட அப்பாவின்ர திதியை மாத்துறியளோ?' எண்டு. புத்தகத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரை பிடிக்கிறார்."

அவர்கள் வேறொரு ஐயரைப் பிடித்துத் தசமியில் திவசத்தை முடித்துவிட்டார்கள். பிறகு நிர்வாகசபைக்குக் கடிதம் போயிற்று.

"தலைவர் ஆதாரம் கேட்டவர். என்ர கொப்பியைக் காட்டினன். 'உது நீர் எழுதினது. புத்தகம் அச்சிலை வந்தது' எண்டார். இப்ப கோயிலுக்கு வாறவை தங்கட தங்கட கல்வெட்டைக் கொண்டுவந்து வைச்சுக்கொண்டு என்னட்டைத் திதி கேக்கினம். நான் சொல்லச் சொல்லத் திறந்து சரி பாக்கினம், சோதினை மாதிரி." கொஞ்சம் சிரித்தார். "பெர்மிட் தை மாசத்தோடை முடியுது தம்பி. வாற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கூட்டம். புதுப்பிக்கிறதோ விடுறதோ எண்டு அண்டைக்குத்தான் முடிவு. மூத்தவள் பதினொண்டு படிக்கிறாள், இந்த நேரத்திலை எங்கை கொண்டுபோறது? நான் எழுதின துண்டு உங்களிட்டைக் கிடந்தால் அது போதும்."

"தேடிப் பாக்கிறன் ஐயா" என்றேன்.

தேட ஒன்றும் இருக்கவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கவர் வைத்திருப்போம், பின்னறை அலுமாரியில் மாத வரிசைப்படி. அவர் வாசலைத் தாண்ட முன்பே எனக்குத் தெரியும், அது எந்தத் தட்டில் இருக்கிறதென்று. அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். நீல மையில், சரிவான எழுத்தில், பெயர் போடாமல், துவாதசி. அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தார்.

அண்ணையிடம் காட்டினேன். அவர் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கவருக்குள் திரும்ப வைத்தார்.

"மூடி வை."

"அந்தாளின்ர வேலை போகப்போகுது அண்ணை."

"இது பிழை எண்டு நீ ஒரு இடத்திலை சொல்லு, நாளைக்கு ஸ்காபரோவிலை இருக்கிற ஒவ்வொரு வீடும் கல்வெட்டைத் தூக்கிக்கொண்டு இந்த வாசல்லை நிக்கும். இருபது வருசத்துக் கல்வெட்டு. எது சரி, எது பிழை எண்டு உனக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாது. மகன் புரூஃபிலை கையெழுத்து வைச்சிருக்கிறார். எங்களிலை பிழையில்லை."

பயத்தில் சொன்னார் என்று அப்போது நினைத்தேன். பயம்தான். ஆனால் அந்தக் கேள்வியை நானும் பிறகு பல தடவை கேட்டுப் பார்த்தேன். எட்டு வருடமாக நான் போட்ட வெண்பாக்களில் எத்தனை சரி? எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

நாலு நாள் சும்மா இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வோபர்னுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டால் மற்றது தானாகச் சரியாகிவிடும் என்பது என் நம்பிக்கை. படித்தவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது.

கதவைத் திறந்தது அன்ரி, இறந்தவரின் மனைவி. அறுபத்தைந்து வயது இருக்கும். கடைப் பெடியன் என்றதும் இருத்தித் தேத்தண்ணி தந்தார். மூத்த மகனும் வீட்டில் இருந்தார். முன்னறையில் அவர்களின் அப்பாவின் படம், அதன் கீழே ஒரு சிறு மேசை, மேசையில் விளக்கும் பூவும். விளக்குக்குப் பக்கத்தில் நான் செய்த புத்தகம். அட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த உடனேயே எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சொன்னேன். இரண்டு புத்தகம், பிறம்ரன் தபால் அதிபர், ஒரு கோப்பு, மாற்றாமல் விட்ட திதி. ஐயர் எழுதிய துண்டை எடுத்து வைத்தேன்.

மகன் அதைத் தொடவில்லை. "ஐயர் அனுப்பினவரோ?" என்றார்.

"இல்லை அண்ணை. நானாத்தான் வந்தனான்."

"உந்தத் துண்டை இண்டைக்குக் காலமையும் எழுதலாம்தானே. ஆர் கண்டது?"

"ஒரு வருசமாக் கவருக்குள்ளை கிடந்தது அண்ணை."

"கவரும் உம்மட கடைக் கவர்தானே."

அன்ரி துண்டைக் கையில் எடுத்து, கண்ணாடியை ஏற்றி, வாசித்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப அண்டைக்கு ஆர் தம்பி வந்தது?"

எனக்கு விளங்கவில்லை.

"அவருக்கு ஈரப்பலாக்காய் எண்டால் உயிர். அஞ்சு கடை ஏறி இறங்கி ஃப்ரோசன் பைக்கற்றிலை எடுத்தனான். படைச்சுப்போட்டுப் பின்வளவிலை காகத்துக்கு வைச்சன். இந்தக் குளிருக்கை என்ன காகம் எண்டு இவன் சிரிச்சவன். ஒரு காகம் வந்தது தம்பி. வேலியிலை இருந்து என்னை ஒருக்காப் பாத்திட்டு, நேரை வந்து ஈரப்பலாக்காயைத்தான் முதல் கொத்தினது. சோத்தைத் தொடேல்லை. அவரும் அப்பிடித்தான், கறியைத்தான் முதல் வாயிலை வைப்பார். ஒரு வருசமா ஒழுங்கா நித்திரை இல்லாமல் கிடந்த நான், அண்டைக்குத்தான் நித்திரை கொண்டனான்." குரல் உயரவே இல்லை. "அப்ப வந்தது அந்த மற்ற மனிசனோ? பிறம்ரன்காரனோ? நான் அவருக்கு வைச்சதை ஆரோ தபால்காரன் திண்டிட்டுப் போனானோ?"

"அம்மா, விடுங்கோ" என்றார் மகன்.

"பொறடா. இவர் ரெண்டு நாள் கழிச்சு வந்திருப்பார் என்ன? அண்டைக்கு இந்த வீட்டிலை என்ன சமைச்சது எண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ? விரதம் முடிஞ்சுது, உன்ர மகள் கேட்டாள் எண்டு நண்டு வாங்கி வந்தனீ. வீடு முழுக்க நண்டு மணம். அவர் வந்து வாசல்லை நிண்டு அதைப் பாத்திட்டுத் திரும்பிப் போயிருப்பார்."

மேல்மாடியில் யாரோ குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அன்ரி துண்டை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார்.

"வடிவா யோசிச்சுச் சொல்லும் தம்பி. நீர்தான் அடிச்சனீர். உமக்குத்தான் தெரியும். புத்தகம் சரியோ, பிழையோ?"

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று பெரியவர்கள் எழுதுவதை நானும் வாசித்திருக்கிறேன். நிதானமாக யோசி, உண்மையைப் பிடித்துக்கொள் என்று எழுதியிருப்பார்கள். நான் நிதானமாகத்தான் யோசித்தேன். உண்மை எனக்குத் தெரிந்திருந்தது, அது என் முன்னால் நீல மையில் கிடந்தது. அந்த மனிசியின் முகத்தையும் பார்த்தேன். தான் கட்டியவர் தன் வீட்டு வாசலில் பசியோடு நின்று திரும்பிப் போனார் என்பதை இனி உயிரோடு இருக்கும் நாள் முழுக்கச் சுமக்கப்போகிற முகம். ஐயரின் முகம் அந்த அறையில் இல்லை.

"ரெண்டு புத்தகமும் ஒரே கிழமை செய்தது அன்ரி. எனக்குக் குழம்பியும் இருக்கலாம். இந்தத் துண்டு மற்ற வீட்டுத் துண்டாயும் இருக்கும்."

அன்ரி மூச்சு விட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அச்சிலை வந்ததுதானே, அங்கை நாலு பேர் பாக்காமலோ விட்டிருப்பினம்" என்றார். நான் எழும்பியபோது பயற்றம் பணியாரம் கொஞ்சம் பையில் கட்டித் தந்தார். மகன் வாசல்வரை வந்து கை தந்தார். "தாங்ஸ் தம்பி. அந்தாளுக்கு ஒரு பாடம் வேணும்தான்."

பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மனிசிக்கு நித்திரை, இன்னொரு குடும்பத்துக்கு நாடு. எதை எதோடு நிறுப்பது? வேறு யாராவது நிறுக்க வேண்டிய விசயம். ஊரில் என்றால் அது ஐயரிடம் போயிருக்கும். அவர் நாலு பேரைக் கூப்பிட்டு, ஏதோ ஒரு சாந்தி செய், ஒரு அமாவாசையில் திரும்பப் படை, எல்லாம் தீரும் என்று ஒரு வழி சொல்லியிருப்பார். பிழைக்கு அவர்களிடம் ஒரு பரிகாரம் இருந்தது. எங்களிடம் திருத்தப் பட்டியல்கூட இல்லை. கல்வெட்டுக்கு யாரும் இரண்டாம் பதிப்புப் போடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை ஐயர் திரும்பவும் வந்தார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. துண்டையும் கொடுத்தேன், வோபர்னில் நடந்ததையும் சொன்னேன். நண்டு என்றதும் கண்ணை மூடினார். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"அவவிட்டை நான் இனி ஒண்டும் கதைக்கேல்லை. அது அவவோடை போகட்டும்" என்றார். "ஆனால் தம்பி, நிர்வாகசபைக்கு மட்டும் ஒரு கடிதம் தாரும். துண்டு சரி, புத்தகத்திலை வந்தது கடைப் பிழை எண்டு. ரெண்டு வரி."

"எழுதித் தாறன் ஐயா."

"கையாலை வேண்டாம்." எழும்பி ஜாக்கெட்டை மாட்டினார். "லெட்டர்ஹெட்டிலை அடிச்சு, சீல் குத்தித் தாரும். இந்தத் துண்டை ஆர் நம்பப்போகினம்? அடிச்சுக் கிடந்தால்தான் நம்புவினம்."

அவர் போனதும் உட்கார்ந்து அடித்தேன். மூன்று வசனம். ஒன்பது வருடத்தில் நான் பிழையில்லாமல் அடித்தது அந்த மூன்று வசனம்தான் என்று நினைக்கிறேன். அண்ணை பின்னால் வந்து நின்று வாசித்தார். ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை.

"அடி, நான் மறிக்கேல்லை. ஆனால் தலைவர் இதைப் போனிலை படம் எடுத்து அண்டைக்கே கோயில் வாட்ஸப் குறூப்பிலை போடுவார். பின்னேரத்துக்குள்ளை அந்த மனிசி வாசிப்பா. அதையும் யோசிச்சுப்போட்டு அடி."

அவர் சொன்னது உண்மை. அவ்வளவும் உண்மை. நான் கோப்பைச் சேமித்தேன், அச்சிடவில்லை. நாளைக்கு என்று வைத்தேன். வியாழக்கிழமை ஐயர் அழைத்தார், நான் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை திரும்பவும் அழைத்தார். திரையில் அவருடைய பெயர் மின்னி மின்னி நின்றது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது.

தை மாதம் ஐயர் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விட்டார். கொழும்புக்கு என்றார்கள், ஒருவர் ஜெர்மனி என்றார். போவதற்கு முன் மரக்கறிக் கடையில் ஒரு தடவை கண்டேன். மகள் பக்கத்தில் நின்று கருவேப்பிலைக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "சுகமோ தம்பி? அம்மா சுகமாய் இருக்கிறாவோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எழுத்து எல்லோருக்கும் போனால் ஒருவருடைய வாயைப் பார்த்து நிற்கும் காலம் முடியும் என்று நான் நம்பியதை மேலே சொன்னேன். அது முடியவில்லை. சனம் இன்றைக்கும் நிற்கிறது, நான் அடித்த தாளைப் பார்த்துக்கொண்டு. ஐயரோடாவது சண்டை பிடிக்கலாம். வோபர்ன் வீட்டில் பிடித்தார்களே. அவர் கோபிப்பார், கொப்பியைப் புரட்டுவார், இரண்டு நாள் பொறுங்கள் என்பார். என் புத்தகத்தோடு ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அதைச் செய்தவனே வந்து பிழை என்று சொல்லியும் அவர்கள் நம்பியது புத்தகத்தைத்தான். கடைசியில் நானும் அதன் பக்கம்தான் நின்றேன்.

கோயிலுக்குப் புது ஐயர் மாசியில் வந்தார். என்னைவிட இளையவர், கெட்டிக்காரர், நன்றாகக் கதைப்பார். வந்த முதல் கிழமையே போன் எடுத்தார்.

"அண்ணை, முந்தி இருந்தவருக்கு உந்தத் திதிப் பிரச்சினையாலைதானே எல்லாம் வந்தது. எனக்கு உந்தக் கரைச்சல் வேண்டாம். நீங்கள் அடிச்ச கல்வெட்டுகளிலை என்ன திதி கிடக்கோ, அதை ஒரு லிஸ்டாப் போட்டு வைச்சிருங்கோ. நான் கேட்டுக் கேட்டு அதையே செய்யிறன்."

எட்டு வருடத்துக் கோப்புகளையும் திறந்து பட்டியல் செய்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு திவசத்துக்கும் முன்னால் அவர் இங்கேதான் போன் எடுக்கிறார். முந்தாநாளும் எடுத்தார்.

"அண்ணை, வோபர்ன் வீட்டுக்காரர் ஐப்பசித் திவசத்துக்குக் கேக்கினம். பேக்கரியிலை வேலை செய்தவர். அவருக்கு என்ன கிடக்கு?"

பட்டியலைத் திறக்கத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் திறந்தேன். மறுமுனையில் அவர் பேனையோடு காத்திருந்தார். அவருக்கு மட்டும் உண்மையைச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சொன்னால் அவர் என்ன செய்வார்? முந்தியவர் செய்ததைத்தான் செய்ய வேண்டும். பிறகு முந்தியவர் போன வழியில்தான் போக வேண்டும்.

"தசமி" என்றேன்.

"சரி, தசமி. கலண்டரும் நீங்கள்தானே அடிக்கிறியள். எத்தினையாம் திகதி வருது எண்டும் பாத்துச் சொல்லிவிடுங்கோ, நான் ஏன் பேந்து பஞ்சாங்கத்தைப் புரட்டுவான்?"

பார்த்துச் சொன்னேன்.

அடுத்த வருடம் இந்தப் போனை எடுக்கப்போவது உங்களில் ஒருவர். பட்டியல் முதல் கோப்புறையில் இருக்கிறது, அகர வரிசையில். அந்த வீட்டுக்கு எதிரில் தசமி என்றே இருக்கிறது. நான் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைக்கவில்லை. அவர் கேட்கும்போது என்ன சொல்வது என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தால் நான் இந்த மேசையை விட்டுப் போகமாட்டேன். இவ்வளவையும் வாசித்துவிட்டீர்கள். இனி உங்களுக்கும் தெரியும்.